அப்பியா சாலையில் இன்று என்ன மிச்சம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோமுக்கு வருகிற சொந்தக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று யாராக இருந்தாலும், கொலோசியம் பார்த்து முடித்ததும் நான் கூட்டிப்போகிற இடம் பழைய அப்பியா சாலை. போகிற வழியிலும், நடக்கும்போதும், ஊர் திரும்பின பிறகு வாட்ஸப்பிலும் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சுலபமான கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

ரோம்ல எங்க திரும்பினாலும் பழைய கல் ரோடுதான். இதுல மட்டும் அப்படி என்ன இருக்கு?

நகருக்குள் நீங்கள் பார்க்கிற, சின்னச் சின்னச் சதுரக் கல் பதித்த தெருக்கள் ரோமானியர் காலத்தவை இல்லை. அந்தக் கல்லை இங்கே சம்பியெத்ரீனி என்பார்கள், 16ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த பழக்கம் அது. அப்பியா சாலையில் கிடப்பவை பெரிய பெரிய பலகோணக் கற்கள், ஒன்றைத் தூக்க ஒரு ஆள் போதாது. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் ரோமில் எது பழசு, எது பிந்தினது என்று பாதி தெரிந்துவிடும்.

சாலை ஆரம்பித்தது கி.மு. 312இல். ரோமிலிருந்து வெகுதூரம் போகிற பெரிய சாலைகளில் இதுதான் மூத்தது. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ஸ்டேஷியஸ் என்ற கவிஞர் இதை 'நெடுஞ்சாலைகளின் ராணி' என்று பாடியிருக்கிறார், இன்றும் இத்தாலியில் அதுதான் இதற்குப் பட்டப்பெயர். 2024 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்த முடிவை எடுத்த கூட்டம் நடந்தது நம் புதுடெல்லியில் என்பதை வருகிறவர்களிடம் மறக்காமல் சொல்வேன்.

யார் போட்டது? ராஜாவா?

அப்போது ரோமில் ராஜா கிடையாது, பேரரசரும் இன்னும் வரவில்லை. அது குடியரசுக் காலம். அப்பியுஸ் கிளாவ்டியுஸ் என்ற அதிகாரி, சென்சார் என்ற பதவியில் (மக்கள் கணக்கெடுப்பையும் அரசு ஒப்பந்தங்களையும் பார்த்துக்கொள்கிற பதவி) இருந்தவர், தன் பெயரிலேயே போட்ட சாலை. ரோமுக்கு முதல் நீர்வழிக் கால்வாயைக் கொண்டுவந்ததும் அவர்தான், அதே பதவிக்காலத்தில்தான். செனட்டைக் கேட்காமல் அரசாங்க வருமானத்தையெல்லாம் இதிலேயே கொட்டிவிட்டார் என்று டியோடோரஸ் என்ற பழங்கால வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். வயதான காலத்தில் அவருக்குக் கண் தெரியாமல் போனது.

காரணம் போர். தெற்கே சாம்னைட் மக்களோடு ரோம் அப்போது சண்டையில் இருந்தது. படையும் தீனியும் வேகமாகக் கப்புவா நகரம் வரை போய்ச்சேர வேண்டும், அதற்காகத்தான் முதல் கட்டமாக அதுவரைக்கும் சாலை போட்டார்கள். வியாபாரிகளும் பயணிகளும் பின்னால் வந்தவர்கள்.

மொத்தம் எவ்வளவு நீளம்? முழுசா இன்னும் இருக்கா?

ரோமிலிருந்து கப்புவா வரை 132 ரோமானிய மைல், நம் கணக்கில் சுமார் 195 கிலோமீட்டர். ரோம் தெற்கே பிடிக்கப் பிடிக்க, பெனவெந்தோ, வெனோசா, தரந்தோ வழியாகச் சாலையும் நீண்டுபோய், கடைசியில் கிழக்குக் கடற்கரையில் பிரிந்திசி துறைமுகத்தைத் தொட்டது. அது சுமார் 540 கிலோமீட்டர். அப்புறம் கி.பி. 109இல் பேரரசர் டிராஜன் பெனவெந்தோவிலிருந்து பிரிந்திசிக்கு வேறொரு நல்ல வழி போட்டார். அதையும் சேர்த்து யுனெஸ்கோ சொல்கிற கணக்கு 800 கிலோமீட்டருக்கு மேல்.

முழுசாக இல்லை. பல இடங்களில் அதே தடத்தின் மேல் இன்றைய நெடுஞ்சாலை எண் 7 ஓடுகிறது, சில இடங்களில் வயல், சில இடங்களில் ஊர். கல்லோடு நல்ல நிலையில் இருப்பவை துண்டு துண்டாகத்தான். யுனெஸ்கோ பட்டியலிலும் 19 தனித்தனிப் பகுதிகளாகத்தான் இருக்கிறது. அதிலே ரோமை ஒட்டிய பகுதிதான் தொடர்ச்சியாக நடக்கத் தோதானது.

ஒரு நாள்தான் இருக்கு. ரோம்ல எங்க போய் இறங்கணும்? டிக்கெட் எவ்வளவு?

சாலையில் நடக்கக் காசு கிடையாது. ஓரத்தில் இருக்கிற செசிலியா மெட்டெல்லா கல்லறை, குயிந்திலி மாளிகை போன்ற சில இடங்களுக்கு மட்டும்தான் டிக்கெட். நகர மையத்திலிருந்து 118ஆம் எண் பஸ் அந்தப் பக்கம் போகிறது.

எல்லோரும் செய்கிற தப்பு, சான் செபஸ்தியானோ வாசலில் இறங்கி அங்கிருந்தே நடக்க ஆரம்பிப்பது. அங்கே இரண்டு பக்கமும் மதில், நடைபாதை கிடையாது, கார்கள் உரசிக்கொண்டு போகும், காலடியிலும் மேலே சொன்ன சின்னச் சதுரக் கல்தான். "இதுக்கா வந்தோம்" என்று பாதிப்பேர் அங்கேயே சோர்ந்துவிடுவார்கள். நேராகச் செசிலியா மெட்டெல்லா கல்லறைக்குப் போய்விடுங்கள், அது மூன்றாவது மைல். அதைத் தாண்டித்தான் பழைய கற்களும், இரண்டு பக்கமும் பைன் மரமும், கல்லறைச் சிதிலங்களும் வரும். ஞாயிற்றுக்கிழமை கார் குறைவு. தண்ணீரும் தடித்த அடிப்பாகம் உள்ள செருப்போ ஷூவோ கட்டாயம்.

அந்தக் கறுப்புக் கல் என்ன கல்? எங்கிருந்து கொண்டுவந்தாங்க?

எரிமலைக் குழம்பு இறுகின பாறை, பசால்ட் வகை. ரோமுக்குத் தென்கிழக்கே ஆல்பன் மலை என்ற பழைய எரிமலைக் கூட்டம் இருக்கிறது. இரண்டரை லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னால் அதிலிருந்து வழிந்த குழம்பு நகரை நோக்கி நீண்டு வந்து, சரியாகச் செசிலியா மெட்டெல்லா கல்லறை இருக்கிற மேட்டில் நின்றுவிட்டது. சாலையின் முதல் சில மைல்கள் அந்தக் குழம்பின் முதுகு மேலேயே போகின்றன, அதனால் இந்தப் பகுதிக்குக் கல் பக்கத்திலேயே கிடைத்தது. கல்லறையை ஒட்டிய கோட்டையின் நிலவறையில் அந்தக் குழம்புப் பாறையை நேரில் பார்க்கலாம். டிக்கெட் வாங்கி உள்ளே போனால் அதைப் பார்க்காமல் வராதீர்கள்.

ஒரு கல்லைப் பெயர்த்துப் பார்த்தால் அது கடைவாய்ப்பல் மாதிரி இருக்கும். மேலே அகலமாகத் தட்டை, கீழே வேராகக் கூம்பிப் போகும். அந்தக் கூம்பு மண்ணுக்குள் இறங்கி நிற்பதால் பக்கவாட்டில் நகராது. பக்கத்துக் கல்லின் விளிம்புக்கு ஏற்றபடி ஒவ்வொன்றையும் செதுக்கிப் பொருத்தினார்கள். நடுவில் சாந்தோ சுண்ணாம்போ இல்லை. 6ஆம் நூற்றாண்டில், சாலை போட்டு 900 ஆண்டு ஆன பிறகு, இதைப் பார்த்த புரோக்கோப்பியஸ் என்ற வரலாற்றாசிரியர், கற்கள் பொருத்தின மாதிரியே இல்லை, ஒன்றோடொன்று சேர்ந்து வளர்ந்த மாதிரி இருக்கிறது என்று வியந்து எழுதினார். இரண்டு வண்டிகள் எதிரெதிரே தாராளமாகப் போகலாம் என்றும் அவர் சொல்கிறார். இன்று அளந்தாலும் நடுத்தளம் 4.1 மீட்டர் அளவில்தான் வருகிறது.

நான் மிதிக்கிறது நிஜமாவே ரோமானியர் மிதிச்ச கல்லா? இல்ல அப்புறம் போட்டதா?

இதுதான் இங்கே கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். பெரிய பலகோணக் கற்கள் ரோமானியர் காலத்தவைதான். ஆனால் கி.மு. 312இல் இந்தக் கல் தளமே கிடையாது. அப்பியுஸ் காலத்துச் சாலையின் மேற்பரப்பு சல்லி போட்டதாகத்தான் இருந்திருக்கும். நகரை ஒட்டின பகுதியிலிருந்து போவில்லே என்ற ஊர் வரை கல் பாவியது கி.மு. 293இல் என்று லிவி என்ற ரோமானிய வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். அதற்குப் பின்னும் பேரரசர்கள் காலம் முழுக்கப் பழுது பார்ப்பதும் திரும்பப் பாவுவதும் நடந்துகொண்டே இருந்தது. ஆக நீங்கள் பார்ப்பது ஒரே நாளில் போட்ட சாலை இல்லை, பல நூறு ஆண்டுகளின் பராமரிப்பு.

இரண்டாவது விஷயம், கல் பழசாக இருந்தாலும் கிடக்கிற இடம் பழசு என்று சொல்லிவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டிலும் பல இடங்களில் பெயர்ந்த கற்களை எடுத்துத் திரும்ப அடுக்கியிருக்கிறார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். சக்கரத் தடத்தைப் பாருங்கள். ஒரு கல்லில் ஓடுகிற பள்ளம் அடுத்த கல்லிலும் அதற்கடுத்த கல்லிலும் கோடு பிசகாமல் தொடர்ந்தால் அந்தக் கற்கள் இடம் மாறவில்லை. ஒரு கல்லில் பள்ளம் குறுக்கே கிடந்தால், அல்லது பாதியில் வெட்டுப்பட்டு நின்றால், யாரோ பின்னால் எடுத்துத் திருப்பி வைத்தது. கொஞ்ச தூரம் இப்படிக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தால் பழகிவிடும்.

அந்தப் பள்ளத்தை வண்டி வழுக்காம இருக்க அவங்களே வெட்டினாங்களாமே?

வேறு சில ரோமானியச் சாலைகளில், மலைப்பாதைகளில், பாறையில் வேண்டுமென்றே வெட்டிய தடங்கள் உண்டு. இங்கே அப்படி இல்லை. இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் பல நூற்றாண்டு ஓடித் தேய்த்ததுதான் இது. பக்கத்தில் உட்கார்ந்து விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். பள்ளத்தின் அடி உருண்டு வழவழப்பாக இருக்கும், உளி பட்ட கொத்து இருக்காது. ஆழமும் கல்லுக்குக் கல் மாறும்.

கல்லு இவ்வளவு மேடும் பள்ளமுமா இருக்கே, இதுலயா ரதம் ஓட்டினாங்க?

முதலில் ரதம். ரோமானியர் போருக்கு ரதம் பயன்படுத்தவில்லை, ரதம் பந்தயத்துக்கும் ஊர்வலத்துக்கும்தான். இந்தச் சாலையில் போனவை கோவேறு கழுதை பூட்டிய வண்டி, மாட்டு வண்டி, பல்லக்கு, குதிரை, அப்புறம் நடந்துபோன கூட்டம்.

அப்போது இது இவ்வளவு மேடுபள்ளமாக இல்லை. மேலே புரோக்கோப்பியஸ் சொன்னதைப் பாருங்கள், அவர் பார்த்தபோது தளம் சமமாகவும் வழவழப்பாகவும்தான் இருந்தது. கல்லின் விளிம்புகள் தேய்ந்து உருண்டதாலும், இடுக்கில் இருந்த மண் மழையில் அரித்துப் போனதாலும்தான் இன்று ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. நடக்கிறவர்களுக்கு இரண்டு ஓரத்திலும் ஓரக்கல் கட்டிய மண் நடைபாதை இருந்தது, அது இன்றும் பல இடங்களில் தெரிகிறது. முட்டி வலி உள்ள பெரியவர்களை நான் அதில்தான் நடக்கச் சொல்வேன்.

ரயில் தண்டவாள அகலம் இந்த ரோமன் சக்கரத் தடத்துல இருந்துதான் வந்துச்சுன்னு ஒரு ஃபார்வர்டு வந்துச்சே?

வேண்டாம், அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். 4 அடி 8½ அங்குலம் என்ற அகலம் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்க வண்டிப் பாதைகளிலிருந்து ரயிலுக்கு வந்தது. மாடோ குதிரையோ இழுக்கிற வண்டி எந்த நாட்டில் செய்தாலும் ஏறக்குறைய அந்த அகலத்தில்தான் வரும், அதனால் இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன. நம் ஊர் பிராட் கேஜ் 5 அடி 6 அங்குலம் என்பதையும் அந்த ஃபார்வர்டு கண்டுகொள்வதில்லை.

ரோடு ஓரம் பூரா ஏன் இவ்வளவு கல்லறை?

நகர எல்லைக்குள் பிணத்தைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது கி.மு. 5ஆம் நூற்றாண்டிலிருந்தே ரோமின் சட்டம். அதனால் ஊர் எல்லை தாண்டியதும் கல்லறைகள் ஆரம்பிக்கும். பணம் உள்ளவர்களுக்குப் போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்ற ஆசை, அதற்கு இந்தச் சாலையைவிட நல்ல இடம் கிடையாது. செசிலியா மெட்டெல்லா கல்லறை ஏறக்குறைய 30 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கட்டடம். அந்த அம்மாவைப் பற்றி அதில் எழுதியிருப்பதெல்லாம் இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி என்பது மட்டும்தான். இடைக்காலத்தில், 1300களின் தொடக்கத்தில், கயெத்தானி குடும்பம் அதைக் கோட்டையாக்கிக்கொண்டது. மேலே தெரிகிற பல்பல்லான மதில் அவர்கள் கட்டியது.

மற்ற பல கல்லறைகள் இன்று அழுக்குச் செங்கல் குவியலாகத் தெரியும். அது உள்கூடு மட்டும்தான். மேலே போர்த்தியிருந்த பளிங்கை எல்லாம் உரித்துச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டுவிட்டார்கள். நடுநடுவே செங்கல் சுவர் கட்டி, அதில் உடைந்த சிலைத் துண்டுகளையும் எழுத்துக் கற்களையும் பதித்திருப்பதைப் பார்ப்பீர்கள். அது ரோமானியர் கட்டியதில்லை, 1850களில் லுயிஜி கனீனா என்ற கட்டடக் கலைஞர் செய்தது. கிடைத்ததை மியூசியத்துக்கு அள்ளிக்கொண்டு போகாமல் கிடைத்த இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்பது அவர் எண்ணம், அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். பின்னாளில் திருட்டுக்குப் பயந்து பல துண்டுகளை மியூசியத்துக்கு மாற்றி, நகல்களை வைத்துவிட்டார்கள்.

ஸ்பார்ட்டகஸ் ஆளுங்களைச் சிலுவையில அறைஞ்சது இங்கதானா? எந்த இடம்?

கி.மு. 71இல், ஸ்பார்ட்டகஸ் தலைமையில் நடந்த அடிமைகளின் கிளர்ச்சி தோற்றபின், பிடிபட்ட 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரை இந்தச் சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தான் ரோமானியத் தளபதி கிராசுஸ். ஒரு குறிப்பிட்ட இடம் இல்லை, முழு வழியும்தான். மேலே சொன்ன 195 கிலோமீட்டரை 6,000ஆல் வகுத்தால் ஏறக்குறைய 33 மீட்டருக்கு ஒரு மனிதன். நடக்கும்போது முப்பது நாற்பது எட்டு வைத்து நின்று பாருங்கள், அந்தக் கொடுமையின் அளவு அப்போதுதான் உறைக்கும். அடையாளமாகத் தரையில் எதுவும் மிச்சமில்லை.

பவுல் அப்போஸ்தலர் வந்த வழி இதுவா? பேதுருவோட காலடித் தடம்னு ஒண்ணு காட்டுறாங்களே?

பவுல் வந்தது இதே சாலைதான். புத்தெயோலி துறைமுகத்தில் இறங்கி, கைதியாக ரோமுக்கு நடந்தார். அப்போஸ்தலர் நடபடிகள் 28ஆம் அதிகாரத்தில், சகோதரர்கள் அவரை எதிர்கொள்ள அப்பியுபுரம் வரைக்கும் மூன்று சத்திரம் வரைக்கும் வந்தார்கள் என்று படித்திருப்பீர்கள். இரண்டும் இந்தச் சாலையோர ஊர்கள். அப்பியுபுரம் 43ஆவது மைலில், மூன்று சத்திரம் 33ஆவது மைலில். மூன்று சத்திரத்தின் சிதிலங்கள் இன்றைய சிஸ்தெர்னா ஊர் அருகே இருக்கின்றன.

பேதுரு விஷயம் வேறு. ரோமை விட்டு ஓடும்போது வழியில் இயேசுவைக் கண்டு "ஆண்டவரே, எங்கே போகிறீர்" என்று கேட்டதாகச் சொல்வது பைபிளில் இல்லாத பழைய மரபு. அந்தப் பெயரிலேயே சாலையோரம் சின்னக் கோயில் இருக்கிறது. அங்கே காட்டுகிற பாதத் தடம் நகல், மூலக்கல் சான் செபஸ்தியானோ பேராலயத்தில் இருக்கிறது. பயணம் நல்லபடி முடிந்ததற்கு நன்றியாகப் பழைய ரோமானியர் கோயிலுக்குக் கொடுக்கிற காணிக்கைக் கல்லாக அது இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. இதை அங்கே ஜெபம் செய்துகொண்டிருப்பவர்களிடம் நான் சொல்வதில்லை. கேட்பவர்களுக்கு மட்டும்தான்.

மைல்கல் ஏதாவது இருக்கா? எல்லா தூரமும் ரோம் நடுவுல இருக்கிற தங்கத் தூண்ல இருந்துதானே அளந்தாங்க?

ரோமானிய மைல்கல் ஆளுயர உருளைத் தூண். ஒரு மைல் என்றால் ஆயிரம் இரட்டை எட்டு, சுமார் 1.48 கிலோமீட்டர். அப்பியாவின் முதல் மைல்கல்லை சான் செபஸ்தியானோ வாசல் தாண்டியதும் மதிலில் பார்க்கலாம், ஆனால் அது நகல். மூலத்தைக் காண கபிடோலின் குன்றுக்குப் போக வேண்டும், அங்கே மேல் கைப்பிடிச் சுவரில் நிற்கிறது.

தங்கத் தூணைப் பேரரசர் அகஸ்டஸ் நிறுத்தியது கி.மு. 20இல், அதாவது இந்தச் சாலை போட்டு ஏறக்குறைய 300 ஆண்டு கழித்து. அப்பியாவின் மைல் கணக்கு அதிலிருந்து தொடங்கவில்லை, பழைய நகர மதிலின் கபேனா வாசலிலிருந்து தொடங்குகிறது. அந்த வாசல் இன்று இல்லை.

ஸ்கூல்ல ரோமன் ரோடுக்கு நாலு அடுக்குன்னு படம் போட்டுப் படிச்சோம். கீழ பெரிய கல், மேல கான்கிரீட்... அது தப்பா?

அந்தப் படம் உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, அதனால் உங்கள்மேல் குற்றமில்லை. ஸ்டாட்டுமென், ரூடுஸ், நூக்ளியுஸ் என்று அதில் வருகிற பெயர்கள் விட்ருவியுஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞருடையவை. ஆனால் அவர் அதைச் சொன்னது கட்டடத்துக்குள் தரை போடுவதைப் பற்றி. 1622இல் நிக்கொலா பெர்ஜியே என்ற பிரெஞ்சுக்காரர் அந்தப் பெயர்களை எடுத்துச் சாலைக்குப் பொருத்தி எழுதினார், அப்படியே நிலைத்துவிட்டது.

தோண்டிப் பார்த்தால் இடத்துக்கு இடம் மாறுகிறது. அடியில் பாறை இருந்தால் கிட்டத்தட்ட நேராகப் பாறை மேலேயே. இளகின மண் என்றால் பள்ளம் தோண்டி, கல்லும் சரளையும் கொட்டிக் கெட்டித்து, ஓரத்தில் அணைகல் இறுக்கி அடித்து, அதன்மேல் தளம். சதுப்பு என்றால் கரை கட்டி உயர்த்தியாக வேண்டும். கான்கிரீட் என்று ஒரு அடுக்கை இங்கே தேடாதீர்கள். ரோமானியக் கான்கிரீட் துறைமுகத்திலும் கட்டடத்திலும் அற்புதம் செய்தது உண்மை, ஆனால் அப்பியா நின்றது கல்லின் வடிவத்தாலும், தண்ணீரை வடியவிட்டதாலும், விடாத பராமரிப்பாலும்.

மேப்ல பார்த்தா ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா போகுதே, நடுவுல சதுப்பு நிலம், மலை எதுவும் இல்லையா?

இரண்டும் இருந்தன. ரோமிலிருந்து தெராச்சினா வரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் கிட்டத்தட்ட நேர்க்கோடு. ஆல்பன் மலைச் சரிவில் அரீச்சா அருகே பள்ளத்தாக்கை வளைந்து சுற்றாமல், 200 மீட்டருக்கு மேல் நீளமான கல் அணைச்சுவர் எழுப்பி அதன்மேல் சாலையைக் கொண்டுபோனார்கள். அப்புறம் பொந்தீன் சதுப்பு, மலேரியாவுக்குப் பேர் போன இடம். அங்கே சாலையை ஒட்டி 19 மைல் நீளத்துக்கு ஒரு கால்வாயும் உண்டு. பயணிகள் பலர் இரவில் படகில் ஏறித் தூங்கிக்கொண்டே போவார்கள், கரையில் கோவேறு கழுதை படகை இழுத்துக்கொண்டு நடக்கும். ஹோரஸ் என்ற கவிஞர் அப்படிப் போய், கொசுவும் தவளையும் தூங்கவிடவில்லை என்று புலம்பியிருக்கிறார். இன்று சதுப்பை வடித்துவிட்டார்கள், பழைய தடத்தின் மேல் கார்கள் பறக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த இடம் தெராச்சினாதான். முதலில் சாலை அங்கே மலை மேல் ஏறி இறங்கியது. டிராஜன் காலத்தில் கடலோரப் பாறையை மேலிருந்து கீழாகச் செங்குத்தாகச் செதுக்கி, அடிவாரத்தில் வழி எடுத்தார்கள். எத்தனை ஆழம் வெட்டினோம் என்று பத்து அடிக்கு ஒரு தடவை பாறையிலேயே எண் பொறித்துக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் அடியில் 120 என்ற ரோமானிய எண், அதாவது சுமார் 36 மீட்டர். வேலை செய்தவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே எழுதி வைத்துவிட்டுப் போன இடம் அது. ரயிலில் போய்வர முடியாவிட்டாலும் கார் இருந்தால் கட்டாயம் போங்கள்.

ரோமுக்கு வெளிய வேற எங்கெல்லாம் கல் தளம் அப்படியே இருக்கு?

ஃபோந்திக்கும் இத்ரிக்கும் நடுவே சாந்த் அந்திரேயா என்ற மலை இடுக்கில் நல்ல துண்டு இருக்கிறது, தாங்குசுவர்களோடு சேர்த்து. கூட்டமே இருக்காது. மின்தூர்னோவில் அழிந்த ரோமானிய ஊரின் நடுத்தெருவாகவே அப்பியா போகிறது. டிராஜன் போட்ட கிளைவழியில் எக்னாசியா என்ற கடலோரச் சிதில நகரத்திலும் கல் தளம் தெளிவாகத் தெரியும். பெனவெந்தோவில் டிராஜனின் வளைவும், சாலைக்கான பழைய பாலமும் இருக்கின்றன.

முடிவிடம் பிரிந்திசி. அங்கே துறைமுகத்தைப் பார்த்தபடி ஒற்றைத் தூண் நிற்கிறது, சாலை முடியுமிடம் இதுதான் என்று ஊரில் சொல்வார்கள். முன்பு இரண்டு தூண். 1528இல் ஒன்று விழுந்துவிட்டது, அதன் துண்டுகளைப் பிறகு லெச்சே நகருக்குக் கொடுத்தார்கள். அங்கே புனித ஒரோன்சோவின் சிலையை இன்றும் தாங்கிக்கொண்டிருக்கிறது.

அபேபே பிக்கிலா வெறுங்காலோட ஓடினது இந்தக் கல்லு மேலயா?

ஆமாம். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானின் பிற்பகுதி பழைய அப்பியா வழியாகத்தான் நகருக்குள் வந்தது, இருட்டில், வழி நெடுகத் தீப்பந்த வெளிச்சத்தில். எத்தியோப்பியாவின் பிக்கிலா செருப்பில்லாமல் ஓடி, கான்ஸ்டன்டைன் வளைவில் 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் முடித்து உலகச் சாதனையோடு தங்கம் வாங்கினார். இத்தாலியப் படை எத்தியோப்பியாவைப் பிடித்தது 1936இல், 24 ஆண்டுதான் ஆகியிருந்தது. படைகள் போவதற்காகப் போட்ட சாலையில் அவர் அப்படி வந்தது எனக்கு எப்போது நினைத்தாலும் சிலிர்க்கும்.

இவ்வளவு முக்கியமான ரோடுன்னா நடுநடுவுல ஏன் பங்களாவும் காம்பவுண்டு சுவரும்?

வேதனையான கேள்வி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ரோம் வேகமாக வீங்கியது, பணக்காரர்களுக்கு இந்தச் சாலையோரம் வீடு வேண்டும் என்று ஆசை. கல்லறைகளைத் தோட்டத்துக்குள் வளைத்துப்போட்டுக் கட்டினார்கள். 1953இல் அந்தோனியோ செதெர்னா என்ற பத்திரிகையாளர் இதை எதிர்த்து எழுத ஆரம்பித்தார், சாகும் வரை விடவில்லை. 1965இல் இந்தப் பகுதியைப் பொதுப் பூங்காவாக நகரத் திட்டத்தில் ஒதுக்கினார்கள், 1988இல்தான் அது வட்டாரப் பூங்காவாகச் சட்டப்படி உருவானது. அதற்குள் கட்டியது கட்டியதுதான். நிலத்தில் பெரும்பகுதி இன்னும் தனியார் கையில் இருக்கிறது.

ரோமின் வட்டச்சாலையும் 1950களில் அப்பியாவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. பல பத்தாண்டு அப்படியே இரண்டு துண்டாகக் கிடந்தது. 2000ஆம் ஆண்டு கத்தோலிக்க யூபிலி விழாவையொட்டி அந்த வட்டச்சாலையைச் சுரங்கத்துக்குள் இறக்கி, மேலே அப்பியாவைத் திரும்ப இணைத்தார்கள். இன்று நீங்கள் நடக்கும்போது காலுக்குக் கீழே லாரிகள் ஓடுவதே தெரியாது. 2002இல் கப்போ தி போவே என்ற தனியார் பங்களாவை அரசு விலைக்கு வாங்கித் தோண்டியபோது ரோமானியக் குளியல் கூடம் வெளிப்பட்டது. செதெர்னாவின் காகிதங்களும் புத்தகங்களும் இப்போது அங்கேதான் இருக்கின்றன. மூன்றாவது மைல் தாண்டியதும் வலப்பக்கம், ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

மெக்டொனால்ட்ஸுக்குள்ள ரோமன் ரோடு இருக்குன்னு யூடியூப்ல பார்த்தேன், அது இதுதானா?

அது அப்பியாவிலிருந்து பிரியும் கிளைப்பாதை. ஃப்ரத்தோக்கியே என்ற இடத்தில் 2014இல் கடை கட்டத் தோண்டியபோது 45 மீட்டர் நீளத்துக்குக் கிடைத்தது. நிறுவனமே செலவு செய்து பாதுகாத்து, 2017இல் கண்ணாடித் தரை வழியாகப் பார்க்கும்படி திறந்தார்கள். எதுவும் வாங்காமலும் இறங்கிப் பார்க்கலாம். மேலே சொன்ன தொடர்ச்சியான சக்கரத் தடம் அங்கே தெளிவாகத் தெரியும். யாரும் பின்னால் எடுத்துத் திருப்பி வைக்காத கல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நல்ல இடம்.

நம்ம ஊர் மிளகு இந்த ரோட்டு வழியாத்தான் ரோமுக்குப் போச்சா?

ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதிதான் சொல்ல முடியும். முசிறியிலிருந்து கிளம்பின மிளகு செங்கடல், அலெக்சாண்ட்ரியா வழியாக இத்தாலிக்கு வந்தது. இந்தியச் சரக்கு வந்திறங்கின முக்கியத் துறைமுகம் புத்தெயோலி, பவுல் இறங்கின அதே இடம். ரோமில் மிளகுக்கென்றே டொமிஷியன் ஒரு கிடங்கு கட்டினார். அந்தப் பேரரசரே கி.பி. 95இல் புத்தெயோலியிலிருந்து அப்பியாவில் வந்து சேரும் இணைப்புச் சாலையும் போட்டார்.

ஆனால் பெருஞ்சரக்கை மூட்டை மூட்டையாக வண்டியில் இழுப்பதைவிடச் சின்னக் கப்பலில் மாற்றிக் கரையோரமாக ரோமுக்குக் கொண்டுபோவது மலிவு. அதனால் மிளகில் பெரும்பகுதி தண்ணீரிலேயே போயிருக்க வேண்டும். வியாபாரிகள், கடிதங்கள், எடை குறைந்து விலை கூடின சாமான்கள் அப்பியாவில் வந்திருக்கும் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

சின்னதா ஒரு கல் துண்டு, ஞாபகத்துக்கு எடுத்துட்டு வரலாமா? அங்கதான் நிறைய உதிர்ந்து கிடக்குதே.

வேண்டாம். உதிர்ந்து கிடக்கிற செங்கல் துண்டும் பளிங்குச் சில்லும்கூடத் தொல்பொருள்தான், எடுப்பது இத்தாலியச் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பையில் அகப்பட்டால் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கல்லறைகளின் பளிங்கு எப்படிப் போனது என்று மேலே சொன்னேன், அதுவும் ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துத்தான் போனது. நினைவுக்கு வேண்டுமானால் சக்கரத் தடத்தை மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படம் எடுங்கள், மத்தியானம் எடுத்தால் பள்ளம் தெரியாது.